தேயிலை மலையிலிருந்து ஹொக்கித் தெரிவுக்கு

ஊவாவில் தண்ணீர் கிடைக்கும், காற்று கிடைக்கும், சமதரைதான் கிடைக்காது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், பதுளு ஓயாவை ஒட்டிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் 2036 மீற்றர் உயர நமுனுகுலை. இடையில் உள்ள சரிவெல்லாம் தேயிலை. ஒரு ஹொக்கி மைதானத்துக்கோ 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் வேண்டும். ஸ்பிரிங்வெலியிலோ மடுல்சீமையிலோ அப்படி ஒரு தட்டையான நிலம் இருந்தால் அதில் ஏற்கெனவே கிரிக்கெட் நடக்கும், அல்லது வொலிபோல் வலை கட்டியிருக்கும்.

அதனால் தோட்டத்துப் பிள்ளை ஒன்று ஹொக்கி ஸ்டிக்கை முதன்முதலாகக் கையில் தொடுவது பெரும்பாலும் நகரத்துப் பாடசாலைக்கு வந்த பிறகுதான். ஒன்பதாம், பத்தாம் ஆண்டில் ஒரு நாள் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் தொங்கும்: ஹொக்கி அணித் தெரிவு, விருப்பமானவர்கள் பெயர் கொடுக்கவும். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். “நமக்குப் பழக்கமில்லாத வெளையாட்டு” என்பதுதான் வழக்கமான காரணம்.

அந்தக் காரணம் கேட்கிற அளவுக்குப் பலமானதல்ல. கிரிக்கெட்டில் ஏழெட்டு வயதிலிருந்தே மட்டை பிடித்த பிள்ளையோடு பதினான்கு வயதில் புதிதாகப் போட்டியிடுவது மிகவும் கஷ்டம். ஹொக்கி அப்படியல்ல. தெருவிலும் முற்றத்திலும் யாரும் ஹொக்கி விளையாடி வளர்வதில்லை. மாத்தளை, கண்டி போன்ற ஹொக்கிப் பாரம்பரியம் உள்ள சில ஊர்களை விட்டால், இலங்கையில் பெரும்பாலான பிள்ளைகள் இடைநிலை வகுப்பில்தான் இதைத் தொடங்குகிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடையிலான தூரம் இந்த விளையாட்டில் சில மாதங்கள்தான். அதை ஆறு வாரத்தில் பெருமளவு கடந்துவிடலாம்.

புதிய இடங்களிலிருந்து பிள்ளைகள் வரவேண்டிய தேவை நாட்டுக்கும் இருக்கிறது. 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குக் கப்பலேறிய இந்திய அணி, போகும் வழியில் இலங்கை அணியோடு விளையாடி 20க்கு 0 என்று வென்றது. தியான்சந்த் விளையாடிய அணி அது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவும் இலங்கையும் மோதியபோதும் முடிவு அதே 20க்கு 0. இந்தியா எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு, இலங்கை ஒலிம்பிக் ஹொக்கிக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறாத நாடு என்ற வித்தியாசம் உண்டுதான். ஆனால் எண்பத்தாறு வருட இடைவெளியில் அதே எண்ணிக்கை திரும்ப வருகிறது என்றால், இந்த விளையாட்டு இங்கே ஒரு சில ஊர்களுக்குள்ளும் ஒரு சில பாடசாலைகளுக்குள்ளும் சுருங்கிக் கிடக்கிறது என்பதே அர்த்தம்.

விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். சர்வதேசப் போட்டி பதினைந்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள். பாடசாலைப் போட்டிகளில் நேரம் குறையும். பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை, கிரிக்கெட் பந்துக்குக் கிட்டத்தட்டச் சமம், கடினமும் அப்படியே. ஸ்டிக்கின் இடப்பக்கம் மட்டும் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். கோல் காப்பாளரைத் தவிர யாரும் காலால் பந்தை நிறுத்தவோ தள்ளவோ கூடாது. கோலுக்கு முன்னால் 14.63 மீற்றர் அளவில் வரைந்த வளைவுக்குள் தாக்கும் அணியின் ஸ்டிக் பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல் செல்லும். வெளியிலிருந்து எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது கணக்கில் வராது. ஓஃப்சைட் விதி 1990களின் இறுதியில் நீக்கப்பட்டுவிட்டது. ஆட்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இந்தக் கடைசி விதி புதியவர்களுக்குச் சாதகமானது. முழு நேரமும் நின்று பிடிக்க முடியாத பிள்ளையைக்கூட பயிற்றுநர் ஐந்து ஐந்து நிமிடமாக இறக்கிப் பார்க்கலாம்.

இடக்கைப் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. இடக்கை ஸ்டிக் என்று ஒன்று ஹொக்கியில் அனுமதிக்கப்படுவதில்லை. அது குறையல்ல. எல்லோரும் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்துத்தான் பிடிக்கவேண்டும், ஸ்டிக்கைத் திருப்புகிற வேலை முழுவதும் இடது கைக்குத்தான். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தத் திருப்பல் சீக்கிரம் கைவரும்.

தெரிவு நாளன்று பயிற்றுநர்கள் எதைப் பார்க்கிறார்கள்? பெரும்பாலான பிள்ளைகள் பலமாக அடிப்பதையே பழகிக்கொண்டு வருகிறார்கள். தெரிவுக்காரர் முதலில் பார்ப்பது அடியை அல்ல, பந்தை நிறுத்துவதை. பத்து மீற்றர் தூரத்திலிருந்து பந்து வருகிறது. பழகாத பிள்ளை நேராக நின்றபடி ஸ்டிக்கைக் கடைசி நொடியில் இறக்கும், பந்து ஸ்டிக்கில் பட்டு இரண்டு மீற்றர் தள்ளிப் போகும், எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடும். பழகிய பிள்ளை பந்து வருவதற்கு முன்பே முழங்கால்களை மடித்துத் தாழ்ந்துவிடும். ஸ்டிக்கின் தலை தரையைத் தொட்டபடி காத்திருக்கும், கைப்பிடி சற்று முன்னால் சாய்ந்திருக்கும், பந்து கண்ணுக்கு நேர் கீழே வரும்போது கை இறுகாமல் இளகும். பந்து அங்கேயே செத்து நிற்கும். முழுச் செயலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இதை ஐந்து தடவையில் நான்கு தடவை செய்கிற பிள்ளையின் பெயருக்கு எதிரில் பயிற்றுநரின் பேனா ஒரு புள்ளி வைத்துவிடும்.

இரண்டாவது, பந்து கையில் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறது என்பது. சிறு அணிகளாகப் பிரித்து விளையாடவிடும்போது ஒருவரிடம் பந்து இருந்தால் மற்றவர்களெல்லாம் அவரைச் சுற்றிக் கூடுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் வெற்றிடம் தேடி விலகி ஓடினால் அது உடனே கண்ணில் படும். பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து நொடியும் அப்படித்தான். தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறதா, திரும்பி ஓடிப் பின்னால் வருகிறதா? திறமையைப் பயிற்சியில் ஊட்டிவிடலாம், திரும்பி ஓடுகிற மனதை ஊட்டுவது சிரமம் என்று பயிற்றுநர்களுக்குத் தெரியும். இது மைதானமோ காசோ தேவைப்படாத தகுதி.

மூன்றாவது, ஓட்டம். பல இடங்களில் 20 மீற்றர் ஓட்டச் சோதனை வைப்பார்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே ஒலிக்கேற்ப ஓடவேண்டும். மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் அரைக் கிலோமீற்றர் கூடிக்கொண்டே போகும். முதல் நான்கு நிமிடம் எல்லோருக்கும் சுலபம். அதற்குப் பிறகுதான் சோதனை.

இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். தினமும் ஏறி இறங்கும் கால்களுக்குப் பலம் நிச்சயமாக உண்டு. மூன்று கிலோமீற்றர் ஏற்றத்தில் புத்தகப் பையோடு நடப்பதை நகரத்துப் பிள்ளை ஒரு வாரம் செய்தால் துவண்டுவிடும். ஆனால் ஹொக்கிக்கு வேண்டியது நீண்ட நடையல்ல. பத்துப் பதினைந்து மீற்றர் பாய்ச்சல், சடாரென நிற்றல், திரும்புதல், மறுபடி பாய்ச்சல். அதுவும் முதுகு வளைந்த நிலையில். அதைத் தனியாகப் பழகவேண்டும். ஏற்றத்தில் ஓடிப் பழகுவது நல்லது. இறக்கத்தில் வேகமாக ஓடிப் பழகுவது முழங்காலையும் கெண்டைக்காலின் முன்னெலும்பையும் கெடுக்கும், அதை விட்டுவிடலாம்.

சமதரைக்கு எங்கே போவது? பெரட்டுக் களம் இருக்கிறது. காலையில் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகும், பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகும் அது வெறுமையாகத்தான் கிடக்கும். இருபது மீற்றரைக் காலடியால் அளந்து இரண்டு பக்கமும் கல் வைத்தால் ஓட்டச் சோதனைக்கான இடம் தயார். கைத்தொலைபேசியில் அந்த ஒலிப்பதிவை இறக்கிக்கொண்டால் போதும். வாரத்தில் இரண்டு நாள் இதைச் செய்து, வேறு இரண்டு நாள் குறுகிய பாய்ச்சல்களைப் பழகி, இடையில் ஓய்வும் கொடுத்தால் ஆறு வாரத்தில் மூச்சு நீளுவது பிள்ளைக்கே தெரியும். தெரிவுக்கு முந்தைய மூன்று நாளில் ஓடிக் களைக்கக்கூடாது.

ஸ்டிக் பழக்கத்துக்கு இன்னும் சிறிய இடம் போதும். லயத்து இஸ்தோப்பின் சீமெந்துத் தரை அகலம் குறைந்ததுதான், பந்தை இடமும் வலமும் உருட்டிப் பழகுவதற்கு அது தாராளம். இடது கை ஸ்டிக்கைப் பந்துக்கு மேலாகத் திருப்பும், வலது கை ஸ்டிக் தனக்குள் சுழலும்படி தளர்ந்திருக்கும். தட்டை முகம் ஒருமுறை வலப்பக்கமிருந்தும் அடுத்தமுறை இடப்பக்கமிருந்தும் பந்தைத் தொடும். உலகம் முழுக்க இந்திய டிரிபிள் என்று அழைக்கும் வித்தை இது. முதல் வாரம் பந்து இஸ்தோப்பிலிருந்து வாசலுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தினமும் பதினைந்து நிமிடம், கண்ணைப் பந்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முன்னால் பார்க்கப் பழகினால், மூன்றாம் வாரத்தில் கை தானே செய்யும். வீட்டுப் பக்கம் டென்னிஸ் பந்தே நல்லது. லயத்துக்கு அருகில் கடினப் பந்தை அடித்துப் பழகவே கூடாது, சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற இடம். கடினப் பந்தோடு பழகும்போது முழங்காலுக்குக் கீழே காப்பும் பல்லுக்குக் காப்பும் கட்டாயம்.

ஸ்டிக் இல்லாதவர்களுக்கு? பாடசாலையில் இரவல் கேட்கவேண்டும். கேட்கும்போது அளவைப் பார்க்கவேண்டும். நேராக நிறுத்தினால் ஸ்டிக்கின் நுனி இடுப்பெலும்பு உயரத்துக்கு வரவேண்டும். அதைவிட நீளமானால் பிள்ளை நிமிர்ந்தே நிற்கும், தாழ்ந்து நிற்கப் பழகாது. இரவலும் கிடைக்காத இடத்தில் முனை வளைந்த கொய்யாக் கிளையில் தொடங்கலாம். இந்தியாவின் ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிராமங்களில் மூங்கிலையும் மரக்கிளையையும் வெட்டி ஸ்டிக்காக்கி விளையாடிய பிள்ளைகள் ஏராளம். அங்கே ஊர்ப் போட்டிகளில் வென்ற அணிக்குப் பரிசாக ஆடு கொடுக்கிற வழக்கம் உண்டு, அன்றிரவு அது விருந்தாகிவிடும். அந்த வட்டாரங்களிலிருந்துதான் இந்திய அணித் தலைவராயிருந்த திலீப் திர்க்கியும், 2016இல் ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன முதல் ஹொக்கி வீராங்கனை நிக்கி பிரதானும், சலீமா டேட்டேயும் வந்தார்கள்.

ஹரியானாவின் ஷாபாத் ஊரில் வண்டி இழுத்துப் பிழைத்த ஒருவரின் மகள் ராணி ராம்பால். உடைந்த ஸ்டிக்கை எடுத்துத்தான் பழகத் தொடங்கினார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கு அரை லீற்றர் பால் கொண்டுவரவேண்டும் என்று விதி இருந்ததாம். வீட்டில் அவ்வளவு பால் வாங்க வசதியில்லாமல், இருந்த பாலில் தண்ணீர் கலந்து குடித்துவிட்டு ஓடியதாக அவரே சொல்லியிருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்த இந்தியப் பெண்கள் அணிக்கு அவர்தான் தலைவி.

நம்முடைய மூதாதையர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டியில் ஹொக்கி ஊர் விளையாட்டாகவே வேரூன்றியிருக்கிறது. புழுதித் தரையில் பழகிய தலைமுறைகளுக்குப் பிறகு, 2017இல்தான் அங்கே செயற்கைப் புல்தரை வந்தது. கோவில்பட்டி மாரீஸ்வரனும், அங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவின் சீனியர் அணிக்கு விளையாடினார்கள். அந்த ஊரின் கதையில் ஊவா கவனிக்கவேண்டியது தரையை அல்ல, வரிசையை. முதலில் ஊர் விளையாடியது, போட்டிகள் நடத்தியது, பழையவர்கள் சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தரை பிறகு வந்தது.

ஊவாவின் தரை பருவத்துக்கு ஏற்ப மாறும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலைகளைக் கடந்து வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் மணம் அந்தக் காற்றில்தான் வருகிறது. அதே காற்று மைதானத்தைப் பாறைபோல் இறுக்கிவிடும், பந்து சின்னக் கல்லில் பட்டாலும் துள்ளும். அப்போது ஸ்டிக்கை மட்டும் நம்பாமல் உடம்பையும் பந்தின் பாதைக்குப் பின்னால் கொண்டுபோகவேண்டும். வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் பந்து சேற்றில் பாதி வழியில் நின்றுவிடும், தள்ளிவிடுவதைவிட அடித்து அனுப்பவேண்டியிருக்கும். தெரிவு எந்த மாதம் நடக்கிறதோ அந்த மாதத்துத் தரையில் பழகுவது புத்தி.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் எவ்வளவு பழகினாலும் ஓட்டச் சோதனையில் மூச்சு வாங்கும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. காலையில் ரொட்டியும் பிளேன்டீயும் சேர்த்து எடுப்பது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். தேநீரை ஒரு மணிநேரம் தள்ளி வைத்து, ரொட்டியோடு கீரையோ பருப்போ நெத்தலியோ சேர்த்து, ஒரு துண்டு கொய்யாவோ தேசிக்காய்த் தண்ணீரோ எடுத்தால் செலவு பெரிதாகக் கூடாது. பாடசாலையில் இரும்புச் சத்து மாத்திரை தந்தால் அதைப் பையில் போட்டு வைக்காமல் விழுங்கவேண்டும்.

தெரிவுக்குப் போகும் புதிய பிள்ளை ஒரு விசயத்தை யோசிக்கலாம்: கோல் காப்பாளர் இடம். எல்லோரும் முன்வரிசையில் ஓடிக் கோல் போட ஆசைப்படுவார்கள். தடித்த கால்காப்பும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு கோலுக்குள் நிற்க முன்வருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். பெனால்டி கோர்னரில் கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே தடுக்க நிற்கலாம், எதிரில் ஓர் அணியே தாக்கும். துணிச்சலும் வேகமான கண்ணும் உள்ள பிள்ளைக்கு அணிக்குள் நுழைய இதைவிடக் குறுக்கு வழி இல்லை. பந்து பிடிக்கத் தெரிந்த கிரிக்கெட் விக்கெட் காப்பாளர்கள், வலைப்பந்தில் தடுத்து விளையாடிய பெண்பிள்ளைகள் இங்கே நன்றாக வருவார்கள்.

மொழியும் இடையில் வரும். பாடசாலை அணியைத் தாண்டி வலய, மாகாண மட்டத் தெரிவுக்குப் போனால் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே அணியில் நிற்பார்கள், பயிற்றுநரின் கட்டளை பெரும்பாலும் சிங்களத்தில் வரும். மைதானத்தில் தேவைப்படுகிற சொற்கள் இருபதுகூட இருக்காது. மெஹாட்ட (இங்கே), பஸ்ஸட்ட (பின்னால்), வம (இடது), தக்குண (வலது). கடைத்தெருவில் பேசுகிற பிள்ளைகளுக்கு இவை தெரிந்தவையே. தயங்காமல் சத்தமாகக் கூப்பிடப் பழகவேண்டும், ஏனென்றால் வாய் திறக்காத பிள்ளையைப் பயிற்றுநர் பயந்த பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்.

இதுவரை சொன்னது பிள்ளை தானே செய்யக்கூடியது. பிள்ளையால் செய்ய முடியாதது இருக்கிறது, அதைப் பெரியவர்கள்தான் செய்யவேண்டும்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு தரமான ஸ்டிக், காப்பு, சப்பாத்து எல்லாம் சேர்ந்தால் பல நாள் பேர் போட்ட சம்பளம் போய்விடும். அந்தச் செலவைத் தெரிவுக்கு முன்பே ஒரு குடும்பத்திடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. பத்து ஸ்டிக்கும் நான்கைந்து சோடிக் காப்பும் பாடசாலையில் பொதுவாக இருந்தால், தெரிவுக்கு வருகிற பிள்ளைகளின் தொகையே இரட்டிப்பாகும். பழைய மாணவர் சங்கங்கள் மேடைக்கும் மாலைக்கும் செலவழிக்கிற பணத்தில் இது முடிகிற காரியம்.

பெண்பிள்ளைகள் விசயத்தில் தடை பணம் மட்டுமல்ல. பயிற்சி முடிந்து இருட்டில் தனியாக வரவேண்டும், அரைப் பாவாடை போடவேண்டும் என்று தாய்மார் பயப்படுகிறார்கள். உடைக்குப் பதில் சுலபம்: நீளமான கால்சட்டை அணிந்து விளையாடுவதற்குப் பாடசாலை அளவில் யாரும் தடை சொல்லத் தேவையில்லை. பயணத்துக்குப் பதிலை ஆசிரியரும் தோட்டத்துப் பெற்றோரும் சேர்ந்துதான் தேடவேண்டும். ஒரே திசையில் போகிற பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவது, முச்சக்கர வண்டிக் கட்டணத்தைப் பகிர்வது, ஆசிரியை ஒருவர் ஒரு பின்னேரம் கொழுந்து மடுவத்துக்குப் போய் அம்மாமாரோடு நேரில் பேசுவது. “மிஸ் வந்து சொன்னாங்க” என்ற ஒரு வார்த்தைக்கு லயத்தில் இருக்கிற மதிப்பு, கடிதத்துக்கு இல்லை.

இலங்கையின் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் நான்குக்கும் ஹொக்கி அணிகள் உண்டு. தேசிய மட்டத்தில் சாதித்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடும் உண்டு. அவை தூரத்து வாசல்கள், அதைக் காட்டிப் பிள்ளையை நெருக்கவேண்டியதில்லை. ஆனால் “வெளையாடி என்னத்தக் கிழிக்கப்போற” என்று கேட்கிற அப்பாவுக்குச் சொல்வதற்கு அவை உண்மையான பதில்கள்.

முதல் தெரிவில் பெயர் வராமல் போனால், அதே நாள் பயிற்றுநரிடம் போய் எது குறை என்று கேட்கவேண்டும். பெரும்பாலானோர் கேட்பதில்லை, கேட்கிற பிள்ளையின் முகத்தை அவர் மறப்பதுமில்லை. பயிற்சிக்கு மட்டுமாவது வர அனுமதி கேட்டால் ஆள் குறைவான இந்த விளையாட்டில் மறுப்பது அரிது. பாடசாலைகள் செய்யவேண்டியது இரண்டு: தெரிவு அறிவித்தலை ஒரு வாரத்துக்கு முன்பல்ல, ஆறு வாரத்துக்கு முன்பே தமிழிலும் ஒட்டுவது, தெரிவையும் பயிற்சியையும் பசறைக்கும் லுணுகலைக்கும் ஸ்பிரிங்வெலிக்கும் போகிற கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிக்கிற மாதிரி நேரம் குறிப்பது.